எல்லாப் பறவையும் உண்டு, காக்காய் தவிர

காக்காய் என்பது நாம் தேடாத நாட்களில் மட்டும் இருக்கிற பறவை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முக்கியமான காரியத்துக்குக் கிளம்பினால் இருக்கும். மாடியில் வடகம் காயப்போட்டால் இருக்கும். குழந்தை கையில் பிஸ்கட்டோடு வாசலுக்கு வந்தால் எங்கிருந்தோ வந்து நிற்கும். ஆனால் வெற்றுடம்போடு, கையில் வாழை இலையோடு, நடு மத்தியானத்தில், ஒரு குடும்பமே பசியோடு பின்னால் நிற்க, "கா… கா…" என்று கெஞ்சிப் பாருங்கள். அந்த இனமே ஜில்லாவைக் காலி செய்துகொண்டு போயிருக்கும். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்தவன் சொல்கிறேன்.

கடலூரில் கெடிலம் ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் நகர். கடைசித் தெருவுக்குப் பின்னால், வரைபடத்தில் பூங்கா என்று காட்டியிருந்த இடம் வெகுகாலம் குப்பைமேடாகத்தான் இருந்தது. கோழிக்கடைக் கழிவு, மீன் செதிள், கல்யாண மண்டபத்து எச்சில் இலை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். காற்று திரும்பினால் சோறு இறங்காது. நாங்கள் சிலர் சேர்ந்து அலையாய் அலைந்து, மனு மேல் மனு கொடுத்து, குப்பையை அள்ளவைத்து, வேலி போட்டு, பூவரசு, புங்கன், நாவல், நீர்மருது, வேம்பு என்று நெருக்கமாக நட்டு ஒரு குறுங்காட்டை வளர்த்துவிட்டோம். காட்டுக் குழுவுக்குத் தலைவர் ஜெசிந்தா டீச்சர். எதிர் வீட்டுக்காரர், அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவர். செயலாளர் அடியேன். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தப் பதவி தலைக்கேறிவிட்டது.

மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்ததும் ஒவ்வொன்றாக வந்து குடியேற ஆரம்பித்தன. தவிட்டுக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. செம்போத்து வந்தது. பக்கத்து வாய்க்காலை நம்பி மீன்கொத்தி வந்தது. கீரி வந்தது, உடும்பு வந்தது, சாரைப்பாம்பும் வந்தது. (அது வந்ததைக் குழுக் கூட்டத்தில் அறிவித்தபோது கைதட்டியவன் நான் ஒருவன்தான்.) நான் ஒரு பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்பே மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டைக் காட்டினேன். என் சித்தப்பா மகன் ஒருவன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்து, மரங்கொத்திக்காக வெயிலில் நின்று, பத்திரிகை வைக்காமலே திரும்பிப் போனான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுழைவாயிலில் பலகை ஒன்றும் எழுதி மாட்டினேன். "காட்டுக்குள் எந்த உயிரினத்துக்கும் உணவிடக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்" என்று போட்டு, கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே ஜெசிந்தா டீச்சர் கேட்டார்.

"அமாவாசைக்குக் காக்காவுக்கு சோறு வெக்கிறவுங்க இருக்காங்களே சார், அவுங்கள என்ன பண்ணுவீங்க?"

"அவுங்க அவுங்க மாடியில வெச்சுக்கட்டும் டீச்சர். ரூல்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"சர்ச்சுக்குப் போற நானே யோசிக்கிறேன். நீங்க யோசிக்க மாட்டேங்கறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. அறிவியல் டீச்சர் இப்படி இளகிய மனசோடு இருந்தால் நாடு எப்படி உருப்படும் என்று நினைத்தேன். அதற்கடுத்த அமாவாசையில் இலையோடு வந்த ஒரு பெரியவரை வாசலிலேயே மறித்து, இயற்கை உணவுச் சங்கிலி பற்றி விளக்கம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் பிறகுதான் விளங்கியது.

இனி என் மாமியார் வீட்டைப் பற்றி. மாமனார் சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷர், ஒரே ஒரு குறை. சாப்பிட வர மாட்டார். கடை இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருதான் வீடு. மாமியார் ஆள் விட்டுக் கூப்பிடுவார், போன் போட்டுக் கூப்பிடுவார், கடைசியில் தானே தெருமுனைக்கு வந்து நின்று கூப்பிடுவார். "இதோ வந்துட்டேன்" என்று அங்கிருந்து குரல் மட்டும் வரும். ஆள் வரும்போது வெயில் இறங்கியிருக்கும். அவர் வராமல் மாப்பிள்ளைக்கும் இலை போட மாட்டார்கள். தலை தீபாவளிக்குப் போய் நான் பசியில் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தைக்கூட வாசித்து முடித்தேன். மாமியார் மட்டும் சோற்றை மூடி வைத்துவிட்டு, முணுமுணுத்தபடியே சமையலறை வாசலில் உட்கார்ந்திருப்பார். மாமனார் வந்த பிறகு திட்டுவார் பாருங்கள், அதைக் கேட்டுக்கொண்டே அவர் இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொள்வார்.

அந்த மனுஷர் ஒரு நாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். என் மனைவி கயல்விழி ஒரே பெண். மாமியார் சிதம்பரத்து வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு எங்களோடு கடலூருக்கு வந்துவிட்டார். வந்தவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரையும் திட்டுவதும் இல்லை. திட்டாத மாமியார் கிடைத்தால் மாப்பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள். வீடே பயமாக இருந்தது.

முதல் வருஷத் தெவசம் வந்தது. மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வெகுகாலம் கணக்குப் பார்த்தவர். சிதம்பரத்து வீட்டைத் திறந்து அங்கேதான் படையல் போட வேண்டும் என்றார். நான் விடவில்லை. போனிலேயே அளந்தேன்.

"மாமா, அந்த வூட்டத் தொறந்தா அத்தை இன்னம் ஒடஞ்சி போயிருவாங்க. இங்க வெச்சிக்கலாம். மாடி பக்கத்துலயே காடு. எத்தினி வகை பறவை வருது தெரியுமா?"

"அப்படியா மாப்ள? சரி, வந்து பாக்கறேன்" என்றார். அந்தப் 'பாக்கறேன்' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நல்ல கத்திரி வெயில். பெரிய மாமா காலையிலேயே பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். மகன் இல்லாத வீட்டில் மாப்பிள்ளைதான் எல்லாம் செய்ய வேண்டும் என்று என்னை வேட்டியில் நிறுத்தினார்கள். மாமனார் போட்டோவுக்குச் சந்தனப் பொட்டு, மாலை, முன்னால் படையல். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, உளுந்து வடை, பாயசம். மாமியார் தன் கையாலேயே சமைத்திருந்தார். அவர் அடுப்படிக்குள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது என்பதால் கயல்விழி அடிக்கடி எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கற்பூரம் காட்டியாயிற்று. காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தால் பந்தி போட வேண்டியதுதான்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்தேன். "கா… கா…"

பதில் இல்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன். ஓர் அணில் வந்து வடையை முகர்ந்தது. பெரிய மாமா துண்டை வீசி அதை விரட்டினார்.

"மாப்ள, நீங்க கூப்புடறது அதிகாரம் பண்றாப்ல இருக்குது. தள்ளுங்க" என்று அவரே கூப்பிட்டார். ஜவுளிக்கடை வாசலில் நின்று வீதி முழுக்கக் கேட்கும்படி ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. எதிர்ச் சாரியில் மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன. காக்காய் வரவில்லை. காட்டிலிருந்து குயில் கூவியது, செம்போத்து குரல் கொடுத்தது, தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டன. மீன்கொத்திகூடச் சத்தம் போட்டுக்கொண்டு பறந்தது. எல்லாம் ஆஜர்.

"எத்தினியோ வகை பறவை வருதுன்னீங்களே மாப்ள. ஒரு காக்கா இல்லியா?"

சிரிக்காமல்தான் கேட்டார். அதுதான் வலித்தது.

என் மனைவி என்னை ஓரமாக இழுத்துப் பல்லைக் கடித்தாள். "ஏங்க, காக்கா எப்படிங்க வரும்? குப்பமேடு இருந்தப்ப இந்த மாடில கால் வெக்க முடியாத அளவுக்கு இருந்துச்சு. நீங்கதான மனு குடுத்து அள்ள வெச்சீங்க?"

உண்மை. கோழிக் குடலையும் மீன் தலையையும் நம்பிப் பிழைத்த குடும்பங்கள் அவை. சோற்றுக்கு வழி இல்லாமல் முதுநகர்ப் பக்கம் துறைமுகத்துக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்த ஒன்றிரண்டை, வேலியோரப் பூவரசில் கூடு கட்டியிருந்த கரிச்சான் ஜோடி விரட்டிவிட்டது. கரிச்சான் என்றால் இரட்டைவால் குருவி. ஆள் சின்னது, வீரம் பெரியது. முட்டை வைத்திருக்கும் காலத்தில் தெருவில் காக்காயைக் கண்டால் மண்டையில் கொத்தும். இதைப் படம் எடுத்து, "எங்கள் காவல்காரர்" என்று தலைப்புக் கொடுத்துக் குழுவில் போட்டவனும் நான்தான்.

அதுவரைக்கும் எல்லாம் வெறும் எரிச்சல்தான். ஆனால் மாமியார் மாடிப்படியில் உட்கார்ந்து சாவி முடிந்திருந்த முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார். "வூட்டப் பூட்டிட்டு வந்துட்டேன்னு கோவம் அவுருக்கு. பொண்ணு வூட்டுல வந்து ஒக்காந்துகிட்டேன்ல. அதான் வர மாட்டேங்கறாரு."

"அதெல்லாம் இல்லத்தை" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

பெரிய மாமா தொண்டையைச் செருமினார். "கோவமா இருந்தாலும் இருக்கும்மா. பேசாம சாயங்காலம் கெளம்பி எங்கூட வந்துரு. வூட்டத் தொறந்து வெளக்கேத்துவோம்." மாமியார் தலையை ஆட்டினார். கயல்விழி என்னைப் பார்த்தாள். அந்த இருட்டு வீட்டில் அவர் தனியாக என்ன ஆவார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு காக்காய் வந்து ஒரு வாய் தின்றால் தீர்ந்துவிடும் விஷயம்.

போதாதற்குக் கயல்விழி இன்னொன்றையும் காதில் போட்டாள். "பெரியப்பா சக்கர ஊசி போட்டுகிட்டாரு. கற்பூரம் காட்டியாச்சு, ஒடனே சாப்ட்ருவோம்னு நெனச்சிப் போட்டாராம். சாப்புடச் சொன்னா, தம்பி சாப்புடாம நான் எப்படிம்மா திங்கறதுங்கறாரு. மயக்கம் போட்டு வுழுந்தா என்னங்க பண்றது?"

இலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காட்டுக்குள் குயில் கூவுகிறது. குயில் முட்டையிடுவது காக்காய்க் கூட்டில். ஆகவே காக்காய் உள்ளே எங்கேயோ இருந்தாக வேண்டும். இந்த விஞ்ஞான விளக்கத்தைப் படி இறங்கும்போதே எல்லோருக்கும் சொன்னேன். பெரிய மாமா மட்டும், "நானும் வரேன். சாட்சிக்கு ஆள் வேணும்ல" என்று செருப்பை மாட்டினார்.

நுழைவாயிலில் என் பலகை. அதைப் படிக்காமல் உள்ளே போக முடியாத உயரத்தில், முகத்துக்கு நேராக மாட்டியிருந்தேன். பெரிய மாமா நின்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு இலையைப் பார்த்தார். இலையிலிருந்து என்னைப் பார்த்தார்.

"இதுல இருக்கற பேரு ஒங்க பேரு மாதிரி இருக்குது மாப்ள."

"உள்ள வாங்க மாமா, வெயில்" என்றேன்.

காட்டின் நடுவே ஒரு சிமென்ட் பெஞ்ச் உண்டு. இலையை அதில் வைத்துவிட்டுக் குரலெடுத்தேன். "கா… கா… கா…" உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டேன். வெற்றுடம்பு, நெற்றி நிறைய விபூதி, வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறேன். கழுத்தில் பழக்க தோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்த பைனாகுலர்.

முதலில் வந்தது கீரி. புதருக்குள்ளிருந்து நேராக வந்து, பெஞ்சில் தாவி, பெரிய வடையைக் கவ்விக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாமல் திரும்பிப் போனது. அடுத்து தவிட்டுக்குருவிகள் ஒரு டஜன் வந்து பூசணிக்காய்க் கூட்டிலும் பாயசத்திலும் காலை வைத்து மிதித்தன. நான் ஒருபக்கம் விரட்ட, மறுபக்கம் வந்தன. சத்தம் கேட்டுக் கரிச்சானும் கிளம்பி வந்துவிட்டது. 'கா கா' என்று கத்துகிற எதுவாக இருந்தாலும் அதற்கு எதிரிதான். என் தலையில் முடி குறைச்சல் என்பதால் குறி தப்பவில்லை. நான் உட்கார்ந்தால் அது தாழப் பறந்தது. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் ஓடினால் அதன் ஜோடி அங்கே காத்திருந்தது. எந்தக் காவல்காரரை ஊருக்கே அறிமுகம் செய்துவைத்தேனோ அவரிடம் நான் அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த அமளியில் செம்பழுப்பு உடம்பும் நீள வாலுமாக ஒரு பறவை இறங்கி, சோற்றில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்தது. வால்காக்கை. எனக்குப் போன உயிர் வந்தது.

"மாமா! எடுத்துருச்சு! இது காக்கா குடும்பந்தான். அலகைப் பாருங்க. நெருங்கின சொந்தம்."

பெரிய மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "காக்கா கறுப்பால்ல இருக்கும்?"

"நெறம் வேற மாமா. குடும்பம் ஒன்னு."

"எந்தம்பிக்குப் போட்ட சோத்த யாரோ சொந்தக்காரன் தின்னுட்டுப் போனா, எந்தம்பி சாப்ட்டதா ஆயிருமா? ஒங்க சித்தப்பா மவனக் கூப்ட்டு ஒங்க சம்பளத்தக் குடுத்தா சரிம்பீங்களா?"

அதற்குள் மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "டீச்சர், அந்தப் பக்கம் ரொம்பப் பெரிய காக்கா ஒன்னு கத்துது டீச்சர்!"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கோடை முகாம். அன்றைக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தவனே நான்தான். தெவசம் என்று சொல்லி ஜெசிந்தா டீச்சரிடம் பொறுப்பைத் தள்ளிவிட்டிருந்தேன். புதரை விலக்கிக்கொண்டு ஒரு கூட்டம் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றன. எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா. முன்னால் ஜெசிந்தா டீச்சர். அவர் என் விபூதியைப் பார்த்தார். என் தலையைச் சுற்றும் கரிச்சானைப் பார்த்தார். பெஞ்சில் தவிட்டுக்குருவிகள் மிதித்த பாயசத்தைப் பார்த்தார்.

"இவருதான் நம்ம காட்டோட செயலாளர்" என்று பிள்ளைகளுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார். "வாசல்ல போர்டு பாத்தீங்கல்ல?"

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கடகடவென்று மனப்பாடமாக ஒப்பித்தாள். "காட்டுக்குள் எந்த உயிரினத்துக்கும் உணவிடக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்." ஒப்பித்து முடித்துவிட்டு, "என்ன நடவடிக்கை டீச்சர்?" என்று ஆவலாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரிச்சான் என் மண்டையில் இன்னொன்று வைத்தது. "அதான் எடுக்கறாங்கள்ல" என்றார் டீச்சர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. வேலிக்கு வெளியே அந்த அமாவாசைப் பெரியவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றதையும் கவனித்தேன். அவர் சிரிக்கவில்லை. மணியை மட்டும் ஒரு தரம் அடித்துவிட்டுப் போனார்.

மானம் கப்பலேறியதைக் குறித்து வருத்தப்படக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பக்கத்தில் பெரிய மாமா பெஞ்சைத் தடவிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. "மாப்ள, கண்ண இருட்டுது" என்றார். தம்பி தெவசத்துக்கு வந்த இடத்தில் அண்ணனையும் அனுப்பிவைத்தேன் என்ற பெயரோடு நான் எந்த ஊரில் வாழ்வது?

ஜெசிந்தா டீச்சர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். "சக்கரையா?" என்று கேட்டுக்கொண்டே, பக்கத்தில் நின்ற இரட்டைப் பின்னல்காரியிடமிருந்து ஜூஸ் டப்பாவை வாங்கி நீட்டினார். பெரிய மாமா தலையை ஆட்டி மறுத்தார். "தம்பி இன்னம் சாப்புடல…"

"ஐயா, மொதல்ல குடிங்க. ஒங்க தம்பி கேட்டாருன்னா, அந்த எதிர்வூட்டு டீச்சர் மெரட்டுனான்னு பழிய எம்மேல போட்டுருங்க. நான் பதில் சொல்லிக்கறேன்."

வகுப்பறைக் குரல் அது. அறுபது பிள்ளைகளை உட்காரவைக்கிற குரலுக்கு ஜவுளிக்கடைக் குரல் அடங்கிவிட்டது. ஜூஸ் உள்ளே போனது. அந்தப் பெண் தன் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து நீட்டினாள். எலுமிச்சைச் சோறு. பெரிய மாமா கண்ணை மூடிக்கொண்டு கைநிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார். நாலு வாய் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, சோற்றுக்கு அடியில் வேகவைத்த முட்டை இருந்ததும், அதில் பாதி இப்போது இல்லை என்பதும். தெவச நாளில் வெங்காயம்கூடச் சேர்க்காதவர் அவர். நான் மெதுவாக, "மாமா…" என்றேன்.

அவர் கையில் இருந்த மஞ்சள் கருவைப் பார்த்தார். மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"இத வூட்டுல சொல்ல வேணாம் மாப்ள. நானும் அந்த போர்டப் பத்திச் சொல்லல."

வீட்டுக்குத் திரும்பினோம். மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். "காக்கா எடுத்துச்சா மாமா?" என்று கேட்டார். பெரிய மாமாவுக்குப் பொய் வரவில்லை. "அவுங்க சொந்தத்துல ஒருத்தர் எடுத்தாரும்மா" என்றார். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினார். பெரிய மாமா ஏற்கெனவே சாப்பிட்டது தெரியக் கூடாதே என்று மறுபடியும் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டியதாயிற்று. மாமியார் மட்டும் உட்காரவில்லை. தனக்கும் மாமனாருக்குமாக ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் துணிப்பை. சாயங்கால பஸ்ஸுக்கு.

கூப்பிட்டுப் பார்த்தோம். கயல்விழி அழுதாள். எனக்குக் காக்காய் இனத்தின் மேலேயே ஆத்திரம் பொங்கியது. குப்பையை எடுத்தது ஒரு குற்றமா? சுத்தமாக இருக்க ஆசைப்பட்டது ஒரு பாவமா? துறைமுகத்துக்கு பைக்கை விட்டு, ஒன்றை உயிரோடு பிடித்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவுகட்டிச் சாவியைத் தேடினேன்.

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மாடியிலிருந்து ஒரு சத்தம். கரகரவென்று, தொண்டை கட்டினாற்போல, ஒரே ஒரு தரம், "கா."

விழுந்தடித்துக்கொண்டு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்காய். அழகான காக்காய் என்று சொல்ல முடியாது. வாலில் ஓர் இறகு பாதி ஒடிந்து தொங்கியது, கரிச்சானிடம் வாங்கிய அடியாக இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாமியார் மூடியிருந்த தட்டைக் கைப்பிடிச் சுவரில் திறந்து வைத்துவிட்டு, காக்காய்க்கு நேர் எதிரே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வர்ற நேரமா இது?"

காக்காய் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"எப்பலேர்ந்து கூப்புடறோம்? அண்ணன் தொண்ட வத்திப் போச்சு. மாப்ள காடு மேடெல்லாம் அலஞ்சி மண்டையெல்லாம் கொத்து வாங்கிட்டு வந்துருக்காரு. உசுரோட இருந்தப்பதான் ஒரு நாளும் நேரத்துக்கு வரல. செத்தாவது புத்தி வரக் கூடாதா? வடை ஜில்லுன்னு ஆயிப்போச்சு. இப்ப வந்து கா-ங்கறீங்களே, வெக்கமா இல்ல?"

மூச்சுவிடாமல் திட்டினார். ஒரு வருஷமாக வாயைத் திறக்காதவர், ஒரு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டினார். காக்காய் அதைக் கேட்டுக்கொண்டே தத்தித் தத்தி வந்து, தட்டிலிருந்த சோற்றைக் கொத்தியது. பிறகு வடையை எடுத்துக்கொண்டது. எங்கும் பறந்துவிடவில்லை. சுவரில் உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. தின்றுவிட்டு இரண்டாவது தரம் வந்தது.

"ரசமும் ஊத்தட்டுமா?" என்று கேட்ட மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பின்னால் திரும்பினால், பெரிய மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"கோவமெல்லாம் இல்ல மாமா" என்றார் மாமியார் அவரிடம். "எப்பயும்போல லேட்டு. அவ்வளவுதான்." அதே தட்டில் மிச்சமிருந்ததைப் பிசைந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். துணிப்பையிலிருந்த புடவைகளைக் கயல்விழி திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் தெவசச் சாப்பாடு வெயில் இறங்கிய பிறகுதான். பெரிய மாமா சிதம்பரத்திலேயே சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறுகிறார். என்னைப் பற்றிக் குறை சொல்ல வாயெடுத்தால், நான் எலுமிச்சைச் சோறு நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்வேன். உடனே பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் நான் எதைப் பற்றிப் பெருமையடித்தாலும், புது டிவி வாங்கினாலும், பதவி உயர்வு வந்தாலும், யாராவது ஒருவர், "எல்லாம் சரி, காக்கா இருக்குதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பலகையில் என் பெயருக்கு மேலே ஜெசிந்தா டீச்சர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார்: "காக்கைக்கு மட்டும் விலக்கு உண்டு." அமாவாசைப் பெரியவர் இலையோடு அதைக் கடந்து உள்ளே போகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மாமியார் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் திட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பைனாகுலரோடு காட்டுக்குள் போய்விட்டால் நேரம் போவது தெரிவதில்லை. மத்தியானம் ஆனதும் அவர் மாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, "கா… கா…" என்று குரல் கொடுக்கிறார். காக்காய்கள் இன்றைக்கும் அந்தக் குரலுக்கு வருவதில்லை. நான் வந்துவிடுகிறேன்.